90களின் கான்டனீஸ் காதல் நகைச்சுவைப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் முறை

ஹாங்காங்கில் 1990களில் வந்த காதல் நகைச்சுவைப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுத உட்காருகிறவர்கள் முதலில் தேடுவது ஆங்கில சப்டைட்டில் கோப்பைத்தான். அதை வரிக்கு வரி தமிழாக்கினால் கதை புரியும், சிரிப்பு வராது. கான்டனீஸ் பேச்சின் குறும்பெல்லாம் வாக்கியத்தின் வாலில் ஒட்டும் சின்ன அசைகளிலும், உறவு சொல்லி அழைக்கும் விதத்திலும், ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத 'க்யோய்' என்ற ஒற்றைச் சொல்லிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இவற்றில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். தமிழில் அப்படி உதிர வேண்டியதில்லை, பலவற்றுக்கு நேரான வழி நம் பேச்சிலேயே உண்டு. ஆகவே ஆங்கில வரியைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது காதில் விழும் கான்டனீஸிலிருந்து இருக்கட்டும். மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இது நடக்காது. அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "இந்த இடத்தில் அவள் கோபமாகச் சொல்கிறாளா, கொஞ்சுகிறாளா?" என்று கேட்டுப் பதில் வாங்க முடிந்தால் போதும்.

சரியான பிரதி, சரியான ஒலி

முதல் வேலை, கையில் இருப்பது கான்டனீஸ் ஒலிதானா என்று பார்ப்பது. இந்தப் படங்கள் தைவான், சீனச் சந்தைகளுக்காக அங்கே பொதுமொழியான மாண்டரினில் டப் செய்யப்பட்டும் சுற்றுகின்றன. மொழி தெரியாதவர்களும் காதால் பிரித்துவிடலாம். கான்டனீஸில் சொற்கள் 'சிக்', 'பாட்', 'சாப்' என்று க், ட், ப் ஒலியில் வெடுக்கென்று முடியும். மாண்டரினில் அப்படி முடியவே முடியாது. 'இல்லை' என்பதற்கு உதடு மூடி 'ம்' என்று தொடங்கினால் கான்டனீஸ், 'பூ' என்றால் மாண்டரின்.

பழைய விசிடி (வீடியோ சிடி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். ஹாங்காங் விசிடிகள் பலவற்றில் இடது சேனலில் ஒரு மொழியும் வலது சேனலில் இன்னொரு மொழியும் இருக்கும். அப்படியே ஓடவிட்டால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். பிளேயரில் ஒரு சேனலை மட்டும் தேர்ந்தெடுங்கள். விசிடி ஒரு தட்டில் சுமார் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் படம் இரண்டு தட்டாக வரும். இரண்டாவது தட்டின் நேரம் மறுபடி பூஜ்யத்தில் தொடங்குவதையும் குறித்துக்கொள்ளுங்கள். வசனம் பாதியில் வெட்டுப்படும் இடம் பெரும்பாலும் இந்தத் தட்டு மாற்றத்தில்தான்.

டிவிடி வாங்குவதானால் அதன் மண்டல எண்ணைப் பாருங்கள், தட்டு எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதை அதுதான் சொல்லும். ஹாங்காங் தட்டுகள் மண்டலம் 3 அல்லது எல்லா மண்டலத்துக்குமானவை. இந்தியா, இலங்கை பிளேயர்கள் மண்டலம் 5. புளூ-ரேயில் ஹாங்காங் ஏ, இந்தியாவும் இலங்கையும் சி. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே ஹாங்காங்கின் அதே மண்டலங்கள்தான்.

ஒலி பற்றி இன்னொன்று. 90களின் தொடக்கம்வரை ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் படப்பிடிப்பில் நேரடியாக ஒலி எடுக்காமல் பின்னால் குரல் சேர்த்தவை. கான்டனீஸ் ஒலியிலும் உதடு பொருந்தாது. எனவே சப்டைட்டில் தொடங்கும் நேரத்தை உதட்டைப் பார்த்து வைக்காதீர்கள். ஒலி அலையைப் பார்த்து வையுங்கள்.

மாண்டரின் டப்பை வைத்து வேலை செய்தால் என்ன கெடும் என்பதற்கு நல்ல உதாரணம் பீட்டர் சான் 1996இல் இயக்கிய, லியோன் லாயும் மேகி ச்சியுங்கும் நடித்த காதல் படம். வடக்குச் சீனாவிலிருந்து வந்த நாயகனுக்குக் கான்டனீஸ் வராது. தென்சீன நகரமான குவாங்சோவிலிருந்து வந்த நாயகியோ கான்டனீஸ் பேசுவதாலேயே ஹாங்காங்காரியைப்போல் நடமாட முடிகிறது. எல்லாரும் மாண்டரின் பேசும் பிரதியில் இந்த முடிச்சே கிடையாது.

நேரம் நழுவுவது

ஒரு பிரதிக்கு எழுதிய கோப்பு இன்னொரு பிரதியில் பொருந்தாது என்பதே அதிகம் கேட்கும் புகார். காரணத்தைக் கண்டுபிடிக்க முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் சோதியுங்கள். இரண்டிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் மொத்தக் கோப்பையும் நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகக் கூடினால் பிரேம் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை படச்சட்டகம் ஓடுகிறது என்பது, வேறு. நடுவில் திடீரென்று தாவினால் காட்சி வெட்டப்பட்ட பிரதி அல்லது தட்டு மாறிய இடம்.

பிரேம் வேகத்தில் இரண்டு கணக்கு தெரிந்தால் போதும். 24க்கும் 23.976க்கும் இடையில் 90 நிமிடத்தில் 5.4 விநாடி நழுவும். 23.976இல் 90 நிமிடம் ஓடும் படம் 25 வேகப் பிரதியில் 86 நிமிடம் 19 விநாடியிலேயே முடிந்துவிடும். அப்போது எல்லா நேரங்களையும் 0.959ஆல் பெருக்க வேண்டும், எதிர்த்திசையில் 1.0427ஆல். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் பிரேம் வேகம் மாற்றும் கட்டளையே இதைச் செய்துவிடும். கையால் ஒவ்வொரு வரியாக நகர்த்தி உட்கார வேண்டாம்.

எழுதும் முன் உறவுத்தாள்

கான்டனீஸில் முன்னிலைக்கு 'நெய்' ஒன்றுதான். நீயும் அதுவே, நீங்களும் அதுவே. தமிழில் ஒவ்வொரு ஜோடிக்கும் நீங்கள்தான் முடிவெடுத்தாக வேண்டும். படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்து, யார் யாரிடம் நீ, யார் யாரிடம் நீங்க, எந்தக் காட்சியில் அது மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கினால் 20ஆம் நிமிடத்தில் "நீங்க" என்றவள் 25ஆம் நிமிடத்தில் காரணமில்லாமல் "டேய்" என்பாள்.

கணவன் 'நீ' என்பதும் மனைவி 'நீங்க', 'என்னங்க' என்பதும் நம் வீடுகளில் பலருக்குப் பழக்கம். அதை இந்தப் படங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். 90களின் ஹாங்காங் நாயகி வேலைக்குப் போகிறவள், வாயாடி, காதலனுக்குச் சரிக்குச் சரி நிற்பவள். அவள் வாயில் 'என்னங்க' வந்த மறுநொடி அந்தப் பாத்திரமே போய்விடும். இருவரும் நீ என்றே பேசட்டும். மரியாதை தேவைப்படும் இடங்களில் ஹாங்காங்காரர்களே நமக்கு உதவுகிறார்கள். போலீஸ்காரரையும் ஆசிரியரையும் அவர்கள் 'ஆ-ஸேர்' என்பார்கள், பெண் ஆசிரியரை 'மிஸ்' என்பார்கள். சார், மிஸ் என்று அப்படியே எழுதலாம்.

உறவுச் சொற்களில் ஒரு பொறி உண்டு. 'பியு-கோ', 'பியு-முய்' என்றால் ஆங்கிலத்தில் வெறும் கசின். இதில் அத்தை பிள்ளை, மாமா பிள்ளை, பெரியம்மா பிள்ளை எல்லாரும் அடக்கம். அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் மட்டும் 'தோங்' வகை. 'பியு-முய்' என்பதை 'மாமன் மகள்' என்று எழுதிவிட்டால் தமிழ்ப் பார்வையாளர் மனதில் உடனே முறைப்பெண் எழுந்து நிற்பாள். படத்தில் இல்லாத ஒரு காதல் கோணம் முளைத்துவிடும். கதைக்கு உறவு விவரம் தேவையில்லை என்றால் பெயரைச் சொல்லி அழைக்கவையுங்கள், தேவையென்றால் 'சொந்தக்காரப் பொண்ணு' போதும்.

பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அதே வரிசையைக் காப்பாற்றுங்கள். 'ஆ' முன்னொட்டுடன் செல்லமாக அழைக்கும்போது 'ஆ-மிங்' என்று இணைப்புக்குறி போட்டு எழுதினால் பெயர் எது, விளி எது என்று குழப்பம் வராது.

வாலில் ஒட்டும் அசைகள்

இந்த வேலையில் மிகவும் ரசித்துச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். ஆங்கில சப்டைட்டிலில் இவற்றின் சுவடே இருக்காது என்பதால் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

தாழ்ந்து எழும் தொனியில் 'வோ' வந்தால், பிறர் சொன்னதைச் சொல்வது. தமிழில் அது அப்படியே '-ஆம்'. "அவ வரலையாம்." ஆங்கிலத்தில் இதற்கு 'அவள் சொன்னாள்' என்று தனி வாக்கியம் வேண்டும். நமக்கு ஓர் அசையிலேயே, 'இது என் கருத்தில்லை, என்னைத் திட்டாதே' என்கிற நழுவலும் சேர்ந்து கிடைக்கிறது. சண்டை போட்ட காதலர்களுக்கு நடுவே தூது போகும் நண்பன் பாத்திரம் இந்தப் படங்களில் அடிக்கடி வரும். அவன் வசனங்களை 'ஆம்' போட்டே எழுதிப் பாருங்கள், வேறு எதுவும் செய்யாமலே சிரிப்பு வரும். அதே 'வோ' சமமான தொனியில் வந்தால் பொருள் வேறு. அப்போது ஏதோ ஒன்றைக் கவனித்து வியப்பது. "அட, மழை பெய்யுதே!" என்பதன் '-ஏ'. தொனியைப் பிரிக்க உங்கள் காது பழகும்வரை உதவியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

'லா' உயர்ந்த தொனியில் கெஞ்சலும் தூண்டலும். 'லெய் லா' என்றால் "வா" அல்ல, "வாயேன்". 'மே' வந்தால் நம்பாத கேள்வி: "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா என்ன?" 'லோ' வந்தால் இதுகூடத் தெரியாதா என்கிற சலிப்பு: "அதான் வந்துட்டேன்ல." 'க்வா' வந்தால் ஊகம்: "தூங்கிட்டா போல." வெறும் 'ஆ' பெரும்பாலும் பேச்சை மென்மையாக்க மட்டும் வருவது. ஒவ்வொன்றுக்கும் 'ப்பா', 'ம்மா' போட வேண்டியதில்லை, விட்டுவிடலாம்.

அவனா, அவளா

'க்யோய்' என்றால் அவன், அவள், அது மூன்றும். ஆங்கிலத்தில் 'ஹீ', 'ஷீ' என்ற சுட்டுப்பெயர் ஒன்றைச் சமாளித்தால் போதும். தமிழில் வினை முடிவே காட்டிக்கொடுத்துவிடும்: வந்தான், வந்தாள். ஆள்மாறாட்டக் கதைகளில் இது பெரிய பொறுப்பு. 1994இல் பீட்டர் சான் இயக்கிய படத்தில் அனிதா யூன் ஆண் வேடமிட்டு, தான் ஆராதிக்கும் பாடகியும் அவளுடைய காதலனான இசைத்தயாரிப்பாளரும் இருக்கும் உலகத்துக்குள் நுழைகிறாள். லெஸ்லி ச்சியுங் நடித்த அந்தத் தயாரிப்பாளர், ஆண் என்று நம்பிய ஒருவர்மேல் தன் மனம் சாய்வதைக் கண்டு தவிப்பதுதான் படம்.

இங்கே ஒரே விதி: வினை முடிவு பேசுகிறவரின் நம்பிக்கையைப் பின்தொடர வேண்டும், பார்வையாளருக்குத் தெரிந்த உண்மையை அல்ல. ஆண் என்று நம்புகிறவர் "வந்தான்" என்றே சொல்லட்டும். உண்மை தெரிந்து மறைப்பவர் மற்றவர் முன்னால் "அவன்", தனியே "அவள்". சந்தேகப்படுகிறவர் இருக்கிறாரே, அவருக்குத்தான் வேலை. அவருக்குப் பால் காட்டாத வடிவங்கள் வேண்டும்: "வந்தாச்சா?", "யாரு வந்திருக்கு?", "அந்த ஆளு எங்க?", "அவங்க". இவற்றை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே உத்தி மூன்று முறை வந்தால் செயற்கையாகத் தெரியும். வேடம் கலையும் காட்சியில் முதல்முறையாக "அவள்" என்று வரும் வரியைத் தனியாக, குறுகலாக விடுங்கள். அந்த அதிர்ச்சியை மூலத்தைவிடத் தமிழில் கூர்மையாகக் காட்ட முடியும்.

மரபுத்தொடரும் சட்டகத்தில் இருக்கும் பொருளும்

காதல் நகைச்சுவை என்றால் சில தொடர்கள் வராமல் இருக்காது. காதலர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவன் 'தின்-தாங்-தாம்', அதாவது மின்விளக்கு. ஆங்கிலக் கோப்பில் 'பல்ப்' என்று இருப்பதைப் பார்த்துத் தமிழிலும் 'பல்பு' என்று எழுதிவிடாதீர்கள். நமக்குப் பல்பு வாங்குவது அசடு வழிவது, பொருளே மாறிவிடும். நம்மிடம் இதற்கென்றே கரடி இருக்கிறது: "நான் எதுக்கு நடுவுல கரடி மாதிரி?" எலுமிச்சை சாப்பிட்டான் என்றால் காதலைச் சொல்லி மறுக்கப்பட்டான். வினிகர் குடிக்கிறாள் என்றால் பொறாமை, "வயிறு எரியுதா?" கணவாய் மீனை வறுத்தார்கள் என்றால் வேலை போனது, "சீட்டைக் கிழிச்சுட்டாங்க."

ஆனால் எழுதும் முன் படச்சட்டகத்தைப் பாருங்கள். மறுக்கப்பட்டவன் முன்னால் அந்த நேரம் பார்த்து எலுமிச்சை டீ வந்து நின்றால், அந்தப் பழம்தான் நகைச்சுவை. அங்கே எலுமிச்சையை விடக் கூடாது. "புளிக்குதா?" என்கிற மாதிரி இரண்டுக்கும் பொருந்தும் சொல்லைத் தேடுங்கள். திரையில் பொருள் இல்லை என்றால் நம் தொடர், இருந்தால் அந்தப் பொருள். இந்த ஒரு சோதனையிலேயே பாதிச் சிலேடைகள் தீர்ந்துவிடும். மீதியில் ஒலிச் சிலேடைகள் உண்டு. 8 (பாட்) என்பது செழிப்பைக் குறிக்கும் 'ஃபாட்' போலவும், 4 (செய்) சாவைக் குறிக்கும் சொல் போலவும் ஒலிப்பவை. "4ஆம் நம்பரா? சாவு நம்பர்!" என்று விளக்கத்தை வசனத்துக்குள்ளேயே நுழைத்துவிடலாம். திரையின் மேல் விளக்கக்குறிப்பு போடுவது கடைசி வழி. காமெடியில் அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த சிரிப்பு கடந்துவிடும்.

எண்களில் நமக்கு ஒரு வசதி. கான்டனீஸ் 'மான்' என்ற பத்தாயிரத்தில் எண்ணுகிறது. 'சாப் மான்' ஒரு லட்சம், 'பாக் மான்' பத்து லட்சம். ஆயிரக் கணக்கில் ஓடும் ஆங்கிலத்தைத் தாண்டி நேராக லட்சத்துக்கு வந்துவிடுங்கள். நாணயம் ஹாங்காங் டாலர்தான், ரூபாயாக்க வேண்டாம். நேரம் சொல்லும்போது 'ச்சி' என்ற அலகு ஐந்து நிமிடம். "மூன்று மணி இரண்டு ச்சி" என்றால் 3.10. எழுத்து என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. மொழிபெயர்ப்புக் கருவி அங்கே 'இரண்டு எழுத்து' என்று உளறும். காத்திருக்கும் காதலன் காட்சிகளில் கவனமாக இருங்கள்.

சீனப் புத்தாண்டுக்கென்று எடுத்த படங்களில் 'லாய்-சி' என்ற சிவப்பு உறைப் பணம் வரும். மணமானவர்கள் மணமாகாதவர்களுக்குக் கொடுப்பது. முப்பதைத் தாண்டியும் உறை வாங்கிக்கொண்டிருப்பவர் கேலிக்கு ஆளாவது அதனால்தான். இதை 'மொய்' ஆக்காதீர்கள். முதல்முறை வரும்போது "கல்யாணம் ஆகாதவங்களுக்குத்தானே இந்த உறை" என்று கொஞ்சம் நீட்டினால் பிறகு 'உறை' என்றாலே புரியும். '97' என்று மட்டும் யாராவது கவலையோடு சொன்னால், அது 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் சீனாவிடம் போவதைப் பற்றியது. இடமிருந்தால் "97ல சீனாகிட்ட போயிடுமே" என்று விரியுங்கள்.

பேஜர் (சிறு செய்தி வந்து சேரும் கைக்கருவி) வரும் காட்சிகள் தனி அழகு. அன்றைய ஹாங்காங்கில் பேஜர் நிலையத்துக்கு போன் செய்து, ஆபரேட்டரிடம் செய்தியைச் சொல்ல வேண்டும். காதல் வார்த்தையை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்பிக்கிறான் என்பதே சிரிப்பு. ஆபரேட்டரிடம் 'நீங்க', செய்திக்குள் 'நீ'. செய்தியை மேற்கோள்குறிக்குள் வையுங்கள்.

பல மொழி கலக்கும் இடங்களும் உண்டு. வோங் கார்-வாய் 1994இல் எடுத்த படத்தில் தகேஷி கனேஷிரோ மதுக்கடையில் ஒரு பெண்ணிடம் அன்னாசி பிடிக்குமா என்று ஒரே கேள்வியை மொழி மாற்றி மாற்றிக் கேட்கிறார். தமிழில் எல்லா வரியும் ஒன்றுபோல் வந்தால் அவர் பைத்தியம்போல் தெரிவார். வரியின் தொடக்கத்தில் [ஜப்பானிய மொழியில்], [மாண்டரினில்] என்று அடைப்பில் போடுங்கள். தமிழ் எழுத்தைச் சாய்த்துக் காட்டுவது படிக்கக் கடினம்.

திரையில் உட்காரும் விதம்

90 நிமிடப் பேச்சுப் படத்துக்குச் சுமார் 1,200 முதல் 1,500 வரிகள்வரை வரலாம். ஒரு வரி குறைந்தது ஒரு விநாடி, அதிகபட்சம் 7 விநாடி, ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், அடுத்தடுத்த வரிகளுக்கு இடையில் 2 பிரேம் இடைவெளி. இவை எல்லா மொழிக்கும் பொது. தமிழுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. மென்பொருள் எண்ணுவது யூனிகோடு குறிகளை, நம் எழுத்துகளை அல்ல. 'வந்துட்டாங்க' கண்ணுக்கு 7 எழுத்து, கணினிக்கு 12. ஆகவே ஒரு வரிக்குக் கணினிக் கணக்கில் 40, விநாடிக்கு 17 என்று எல்லை வைத்தால் நிதானமாகப் படிக்க முடியும். இந்தப் படங்களில் பேச்சு வேகமாக ஓடும். கூச்சல் காட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு சொற்களை விட்டால்தான் இந்த எல்லைக்குள் வரும். பெயர் சொல்லி அழைப்பது, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது, "ஐயையோ" போன்றவை முதலில் போகட்டும். மேலே சொன்ன வாலசைகள் கடைசிவரை இருக்கட்டும்.

சிரிப்பு வெடிக்கும் சொல் பேசப்படுவதற்கு முன் திரையில் வந்துவிடக் கூடாது. கான்டனீஸில் செயப்படுபொருள் கடைசியில் வரும்: "எனக்குப் பிடிச்சது..." என்று இழுத்து, பிறகு யார் என்று சொல்வான். தமிழ் இலக்கண வரிசையில் "எனக்கு அவளைத்தான் பிடிச்சிருக்கு" என்று எழுதினால் நடிகர் இழுப்பதற்குள் விடை வெளியாகிவிடும். பேச்சுத்தமிழில் வரிசையைத் தாராளமாகப் புரட்டலாமே. "எனக்குப் பிடிச்சிருக்கு..." ஒரு வரி, "அவளை." அடுத்த வரி. இரண்டையும் தனித்தனி நேரத்தில் வையுங்கள்.

பழைய பிரதிகளில் சீன, ஆங்கில எழுத்து படத்திலேயே பதிந்திருக்கும். அந்தச் சீன வரியும் பெரும்பாலும் எழுத்து நடைச் சீனம், பேசிய கான்டனீஸ் சொற்கள் அப்படியே இருக்காது. அதன் மேல் தமிழைப் போட்டால் இரண்டும் கெடும். எழுத்தின் இடத்தைக் குறிக்க முடிகிற ஏஎஸ்எஸ் என்ற சப்டைட்டில் கோப்பு வடிவில் சீரமைவு எண் 8 கொடுத்து மேலே ஏற்றலாம். 4:3 சட்டத்துக்குள் கறுப்புப் பட்டையோடு வந்த டிவிடி என்றால் இன்னும் நல்ல இடம் இருக்கிறது. உயரத்தைப்போல் 1.85 மடங்கு அகலமான படம் திரையின் 480 கிடைக்கோடுகளில் 346ஐத்தான் எடுத்துக்கொள்ளும், கீழே 67 கோடு உயரத்துக்குக் கறுப்பு காலியாக இருக்கும். பதிந்த எழுத்து அந்தப் பட்டையில் இல்லையென்றால் இரண்டு வரித் தமிழ் அங்கே அடங்கும்.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தடித்த, யூனிகோடு எழுத்துரு. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறிகள்தான் வரும். கொம்பு இடம் மாறி 'கெ' உடைந்து தெரிந்தால் கோப்பில் பிழையில்லை, பிளேயருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. தொலைக்காட்சியில் யூஎஸ்பி வழியாகப் பார்க்கும்போது இது அடிக்கடி நேரும். கணினியில் விஎல்சி பிளேயரில் சரியாகத் தெரிந்தால், டிவிக்காக மட்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் கொண்டு எழுத்தைப் படத்திலேயே பதித்துத் தனிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள். பொதுத்திரையிடல் என்றால் படத்தின் உரிமையாளரிடம் முன்னதாக அனுமதி வாங்கியாக வேண்டும்.

கடைசிச் சோதனையை இரண்டு பேர் செய்ய வேண்டும். கான்டனீஸ் தெரிந்தவர் தமிழ் வரி தோன்றி மறையும் நேரத்தையும் பேச்சையும் ஒப்பிடட்டும். படத்தை முன்பு பார்க்காத ஒரு தமிழர், ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டு, நிறுத்தாமல் ஒரே மூச்சில் பார்க்கட்டும். அவர் எந்த இடத்தில் பின்னால் ஓட்டிப் பார்க்கக் கேட்கிறாரோ அந்த வரி நீளம். எந்த இடத்தில் "இது யார் சொன்னது?" என்கிறாரோ அங்கே இரண்டு பேர் பேச்சு ஒரே வரியில் கலந்திருக்கிறது, ஆளுக்கு ஒரு வரியாக முன்னால் கோடு போட்டுப் பிரியுங்கள்.